கண்ணை மூடிக் கேட்ட புரோகிராம்

மூன்று வருடங்களுக்கு முன், மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை. பெங்களூரு பிரேசர் டவுனில் ஓர் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் சாஃப்ட்வேர்காரர்கள் நாற்பது பேர் கூடியிருந்தோம். மாதம் ஒருமுறை நடக்கும் கூட்டம் அது. யாராவது ஒருவர் தான் எழுதிய புரோகிராமைத் திரையில் காட்டி, அதை ஏன் அப்படி அமைத்தேன் என்று பேசுவார். அன்று என் முறை. எனக்கு அதுதான் முதல் மேடை.

பஸ் டிக்கெட்டை ரத்து செய்யும் புரோகிராமைப் புது மாதிரி வடிவமைத்திருந்தேன். என் டீம் லீடரும் வந்திருந்தார். இங்கே எடுபட்டால் ஆபீசிலும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். வெளியே தூறல். ஜன்னலோர மரத்தின் பச்சை நிழல் சுவர் முழுக்க அசைந்துகொண்டிருந்தது. என் குரலே தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் இருந்தது.

முன்வரிசையில் ஒருவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். கூட்டத்துக்கு முன் அவர் போனில் தமிழ் பேசியதைக் கேட்டிருந்தேன். பதற்றமா திமிரா தெரியவில்லை, ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று தமிழுக்கு மாறினேன்.

"சார், தூக்கமா? ஸ்கிரீன்ல இருக்குறதுல என்ன தப்புன்னு நீங்களே சொல்லுங்களேன்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்குப் பார்வை இல்லைங்க. ஸ்வல்ப, கொஞ்சம் மெதுவா படிச்சுக் காட்டுங்க, சொல்றேன்."

அவர் மடியில் மடக்கி வைத்திருந்த வெள்ளைக் கோல் அப்போதுதான் கண்ணில் பட்டது. தமிழ் தெரிந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தெரியாதவர்களுக்குப் பக்கத்திலிருந்தவர்கள் கிசுகிசுத்தார்கள்.

மன்னிப்புக்கூடக் கேட்காமல் படிக்க ஆரம்பித்தேன். ஏழெட்டு வரிகளிலேயே எனக்கு வழி தப்பிவிட்டது. அதை எடு, இதில் போடு, மறுபடி அதை எடு என்றே போய்க்கொண்டிருந்தது. எது அது, எது இது? மூன்று வாரம் உட்கார்ந்து எழுதியவளுக்கே விளங்கவில்லை. நிறுத்திவிட்டேன்.

"என் லேப்டாப்பும் எனக்கு இப்படித்தான் படிச்சுக் காட்டும்" என்றார் அவர். "ஒவ்வொண்ணுக்கும் அது என்னன்னு சொல்ற மாதிரி பேரை மட்டும் சரியா வைங்க. மீதி தானா புரியும்."

ஒவ்வொன்றும் என்னவென்று அவர் கேட்கக் கேட்க, அங்கேயே மாற்றினேன். பின்வரிசையிலிருந்து ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். நீளமாகக் கிடந்த புரோகிராம் மூன்று சின்னத் துண்டுகளாயிற்று. அவர் திரும்பப் படிக்கச் சொன்னபோது என் டீம் லீடர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும்.

பயணி ரத்து கேட்கிறார். பஸ் கிளம்பிவிட்டதா பார். கிளம்பவில்லையென்றால் இருக்கையை விடுவி.

மழைச் சத்தத்தின் நடுவே படித்தேன். எங்கோ ஒரு பயணி ஜன்னல் சீட்டிலிருந்து மெல்ல எழுந்து போவதுபோலவும், காலியான அந்த இருக்கையில் வெளிச்சம் வந்து விழுவதுபோலவும் எனக்குத் தோன்றியது. படித்து முடித்தும் கொஞ்ச நேரம் யாரும் கண்ணைத் திறக்கவில்லை.

டீ நேரத்தில் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "சில பேர் பேச்சுல நிஜமாவே தூங்கியிருக்கேன்" என்று சிரித்தார். "உங்க பேச்சுல தூக்கம் வரலை."

அங்கே திருத்திய வடிவம்தான் எங்கள் ஆபீசில் இப்போதும் ஓடுகிறது. அன்று கேட்ட கேள்வியை நினைத்தால் மட்டும் இன்னும் முகம் சுடுகிறது. எதை எழுதினாலும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுகிறேன். எதிரில் இருப்பவர் யாரென்று தெரியாமல் வாய் திறக்கக் கூடாது என்பதை அப்படித்தான் எனக்கு நானே தினமும் சொல்லிக்கொள்கிறேன்.