கயிற்றுப் பஸ்ஸில் ஏறாத பிள்ளை

அந்தப் பிள்ளைக்குக் காது கேட்காது என்றுதான் நான் முதலில் நம்பினேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஆடி மாதம் முழுக்க நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் பயந்தும் போனேன். பயப்படுவதில் நான் கெட்டிக்காரன். ஐம்பது வயதுக்குள் எனக்கு வராத வியாதி கிடையாது. எல்லாம் காலையில் வரும், மத்தியானச் சோற்றோடு போய்விடும். இந்தத் தடவை வியாதியை அடுத்தவர் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

மலையடிவாரத்தில், கால்வாய்க் கரையில் எங்கள் தொடக்கப்பள்ளி. ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறையில் என்னிடம். ஒரே மாதிரி முடிகிற சொற்களைக் காதால் பிடிக்கிற பிள்ளை சீக்கிரம் வாசித்துவிடும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லி, படம் போட்ட அட்டைகளைக் கொடுத்து அனுப்பினார்கள். வெயில் காலம், அட்டைகளைப் பிள்ளைகள் விசிறியாக்கிவிட்டார்கள். நான் துணி காயப்போடும் கயிற்றை எடுத்தேன். இரண்டு முனையையும் சேர்த்து முடிந்தால் பஸ். முன்னால் நான் டிரைவர். நான் "கல்" என்பேன். "பல்" என்கிற பிள்ளை கயிற்றுக்குள் ஏறலாம். "நெல்", "வில்", "புல்" எல்லாரும் ஏறலாம். "கல்லு" என்று என்னையே திருப்பிச் சொன்னவனைப் படிக்கட்டில் தொங்கவிட்டேன். பஸ் நிறைந்ததும் வேப்பமரத்தைச் சுற்றி அம்பாசமுத்திரம் போகும். தினமும் அம்பாசமுத்திரம்தான். எனக்கு அதற்கு மேல் கற்பனை ஓடவில்லை.

அவள் ஜூனில் சேர்ந்தவள். மலைமேல் தேயிலை எஸ்டேட்டில் வேலை முடிந்துபோய்க் குடும்பங்கள் கீழே இறங்கிவந்த சமயம். அம்மாவும் அவளும் கால்வாய்க்கு அந்தப் பக்கம் வாடகைக்கு இருந்தார்கள். அவள் என் பஸ்ஸில் ஏறவே இல்லை. ஜன்னலோரம் நின்று மலையைப் பார்ப்பாள். நான் ஆரன் அடிப்பேன், கரடுமுரடான பாதையில் குலுங்குவேன், பிரேக் போட்டு விழுந்தும் காட்டுவேன். மற்ற பிள்ளைகள் உருண்டு சிரிக்கும். அவள் திரும்பமாட்டாள்.

தலைமையாசிரியரிடம் போனேன். "அண்ணாச்சி, பிள்ளைக்குக் காதுல கோளாறு."

"ஏம்வே, நீரு போடுத சத்தத்துக்கு கால்வாய்க்கு அங்கன மாடு மிரளுது. பிள்ளைக்குக் காது போயிருந்தா அது நீரு வந்தப்புறம்தான் போயிருக்கும்."

அவர் கேலிக்குத்தான் சொன்னார். நான் அன்று சோறு சாப்பிடவில்லை. என் கூச்சல்தான் செவிப்பறையைக் கிழித்துவிட்டதோ? வேலை போகுமா? பேப்பரில் படம் வருமா? மறுநாள் சோதித்துப் பார்த்துவிடுவது என்று சத்துணவுத் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, அவள் முதுகுக்குப் பின்னால் பூனை மாதிரி போய்க் கீழே போட்டேன். வகுப்பே துள்ளி எழுந்தது. அவள் பைய திரும்பினாள்.

"சார், தட்டு விழுந்துட்டு."

அதோடு விட்டிருக்கலாம். தட்டுச் சத்தம் கேட்கும், சொல்லின் சத்தம் பிரியாது, அப்படியும் ஒரு வியாதி இருக்கும் என்று நானே கண்டுபிடித்து அம்மாவை வரச் சொன்னேன். நடவு வயலிலிருந்து நேரே வந்தாள். கணுக்கால் வரை சேறு. நான் மருத்துவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

"காதெல்லாம் நல்லா கேக்கும் சார். வீட்டுல ஓயாம அதைத்தான் சொல்லுதா. கல்லு, பல்லு, நெல்லுன்னு. உங்க பஸ் கதையெல்லாம் எனக்கே மனப்பாடம்."

"பின்ன ஏன் ஏறமாட்டேங்கா?"

அம்மா தன் காலில் காய்ந்த சேற்றைப் பார்த்தபடி நின்றாள். "அவ அப்பா இன்னும் மேலதான் இருக்காரு. பொறந்த எடத்தை விட்டு வரமாட்டேன்னுட்டாரு. எஸ்டேட்டு லைன் வீட்டுல ஒத்தையில கெடக்காரு. எறங்குத அன்னிக்கு இவ பஸ்ஸுல ஏறமாட்டேன்னு ஒரே அழுகை. அப்பா அடுத்த பஸ்ஸுல வருவாருன்னு சொல்லித்தான் ஏத்துனேன். இப்ப எந்த பஸ்ஸுன்னாலும் ஏறமாட்டேங்கா. அவரு வந்தப்புறம்தான் ஏறுவாளாம்."

"சரிம்மா, வேலையப் பாருங்க" என்றேன். அதைவிட அசட்டுத்தனமாகச் சொல்ல முடியாது.

வாயை மூடிக்கொண்டிருந்தாலாவது புண்ணியம். நான் வைத்தியம் பார்க்கக் கிளம்பினேன். மறுநாள் கயிற்றை எடுத்து, "இன்னைக்கு பஸ் அம்பாசமுத்திரம் போகாது. மேல எஸ்டேட்டுக்குப் போகுது" என்றேன். சொல், "மலை".

"இலை, தலை, அலை, வலை, விலை, சிலை" என்று அவள் ஒரே மூச்சில் சொன்னாள். யாரும் வாயைத் திறக்கும் முன் கயிற்றுக்குள் வந்து, எனக்கு நேர் பின்னால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னல் வழியே எட்டிப்பார்த்த தலைமையாசிரியருக்குக் கையைக்கூட ஆட்டினேன். கொண்டை ஊசி வளைவு ஒன்று, இரண்டு, மூன்று என்று மரத்தைச் சுற்றி, மூச்சிரைக்க ஏறி, கொடிக்கம்பத்தடியில் நிறுத்தினேன்.

"எஸ்டேட் வந்தாச்சு. எறங்கலாம்."

அவள் ஒருத்திதான் இறங்கினாள். கம்பத்தைச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா எங்க சார்?"

பின்னாலிருந்த பிள்ளைகள் "சார், பஸ்ஸத் திருப்புங்க, சார், பஸ்ஸத் திருப்புங்க" என்று கயிற்றை இழுத்தார்கள். நான் ஆரன் அடித்தேன். நிஜமாகவே அடித்தேன், எனக்குத் தெரிந்தது அதுதான். அவள் கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். கடைசி மணி அடித்து அம்மா வந்து தூக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

"என்னவே டிரைவரு, வண்டி மக்கர் பண்ணிட்டா?" என்று கேட்டபடி வந்த தலைமையாசிரியர், என் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த பெல்லைக் கொண்டுபோய் உள்ளே வைத்தார்.

அதன்பிறகு கயிறு பழைய வேலைக்கே போய்விட்டது. பந்தை உருட்டி, யாரிடம் வருகிறதோ அவர் சொல் சொல்ல வேண்டும் என்று விளையாட்டை மாற்றினேன். அவள் சொன்னாள். தப்பில்லாமல், சிரிக்காமல் சொன்னாள். பந்து கைக்கு வராதபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

கார்த்திகை மழையில் அவள் அப்பா இறங்கி வந்தார். பஸ்ஸில் அல்ல, ஒரு கட்டிலோடும் கோழிக்கூட்டோடும் சாமான் வேனில். கீழே அவருக்கு வேலை அமையவில்லை. பொங்கலுக்கு முன்பே மூவரும் திருப்பூருக்குப் புறப்பட்டார்கள். மாற்றுச் சான்றிதழை எழுதியது நான்தான். அவர்களை வழியனுப்ப ஸ்டாப்புக்கும் போனேன். அப்பா முதலில் ஏறினார். அவர் உட்கார்ந்துவிட்டாரா என்று கீழே நின்று பார்த்துவிட்டு, பிறகு அவள் ஏறினாள்.