காதில் வைத்த வெள்ளைச் சேவல்

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவரை நினைத்தால், காதில் வைத்த ஒரு சேவல்தான் முதலில் கண்ணுக்குள் வருகிறது. உள்ளங்கை அளவுக் குள்ளச் சேவல். வெள்ளை உடம்பு, தலையைத் தொடுமளவு நிமிர்ந்த கறுப்பு வால். அதன் முதுகைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவை ஒட்டிக் கூட்ஸ் ரயில் போகும். அது போகும்வரை காத்திருந்து, மறுபடி கேட்பார். எதிர்வீட்டுக்காரர் விடமாட்டார். "இன்னா மாமு, யாரு போன்ல? எம் பொண்டாட்டியா இருந்தா நான் இல்லனு சொல்லு."

நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்; வீட்டில் குள்ளக் கோழி வளர்த்து விற்பார். அழகுக் கோழி வாங்க வருகிறவர்கள் கொண்டையையும் காலின் குட்டையையும் பார்ப்பார்கள். நைனாவும் பார்ப்பார், ஆனால் அதெல்லாம் பிறகுதான். மூச்சில் லேசான கரகரப்பு கேட்டால் போதும், எத்தனை அழகான கோழியானாலும் குஞ்சு எடுப்பதற்கென்று வைத்திருந்த ஜோடிக் கூண்டுக்குள் விடமாட்டார். "இழுப்பு கீறத ஜோடி போட்டா குஞ்சும் இழுத்துகினேதான் கெடக்கும்" என்பார். கோழிகளை முடித்ததும் என் முதுகில் காதை வைப்பார். "எம் பொண்ணு சுத்தம்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். அந்த மேடையில்கூட அவ்வளவு கர்வம் எனக்கு வரவில்லை.

நான் கல்லூரி முடித்த வருடம் மழைக்காலத்தில் காற்று கெட்டது. பட்டப்பகலிலும் புகை தெருவில் படுத்துக் கிடந்தது. குப்பைமேடு எரிகிறது, இல்லை தொழிற்சாலைதான் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். புகை கலைந்தபின் நைனா கோழிகளை ஒவ்வொன்றாகக் காதில் வைத்தார். ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிவிட்டார். ஜோடிக் கூண்டு காலியாகவே இருந்தது. கடைசியாக வெள்ளைச் சேவல். அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, அதையும் இறக்கிவிட்டார்.

"இருக்கறதுல கம்மியா இழுக்கறத ஜோடி போடலாமே நைனா."

"வோணாம் பாப்பா. தெரிஞ்சே பொறக்க வெக்கச் சொல்றியா?"

அதன்பின் பெட்டைகள் இட்ட முட்டைகளை அடைக்கு விடாமல் எடுத்துவிட்டார். ஒரு பெட்டை வெறும் வைக்கோலின் மேல் உட்கார்ந்து உட்கார்ந்தே இளைத்தது. தூக்கி வெளியே விடுவேன். திரும்பப் போய் உட்காரும்.

இப்போது அந்தச் சேவலும் இரண்டு பெட்டைகளும்தான் மிச்சம். எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். நான் வேலை பார்ப்பது திருவொற்றியூரில். என் கைப்பையின் அடியில், துப்பட்டாவில் சுற்றியபடி, டாக்டர் கொடுத்த வீசிங் பம்ப் இருக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. கோழிக்குச் சொன்னது மனுஷிக்குப் பொருந்தாது என்பது படித்த எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய.

போன ஞாயிற்றுக்கிழமை, ஜோடி போடத் தகுதியாய் ஒன்றுமில்லாதபோதும், பழக்கத்தில் நைனா சேவலைக் காதில் வைத்திருந்தார். பிறகு அதை இறக்கிவிட்டு, "வா பாப்பா, ரொம்ப நாளாச்சு" என்று சிரித்தார். போய் உட்கார்ந்தேன். அவர் காது முதுகில் பதிந்தது. கூட்ஸ் ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது போகட்டும் என்று அவர் காத்திருந்தார்.

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.