சாமித்தட்டுக்கு மேலே ஒரு தெர்மோஸ்டாட்

மகளுக்குத் தலைப்பிரசவம். முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியும்வரை தாயும் பிள்ளையும் என் வீட்டில்தான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருக்கும் சம்பந்தியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "உங்கட நோர்பரி வீடு பழசு, பச்சைப்பிள்ளைக்குக் குளிரும்" என்று மகளிடம் சொல்லிவிட்டார்.

அது என் கணவருக்குச் சுருக்கென்று தைத்தது. வீட்டைச் சூடாக்க ஒழுங்காக வேலை செய்த கேஸ் பொயிலரைக் கழற்றிவிட்டு, வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுக்கும் ஹீட் பம்ப் பூட்டினார். லண்டன் சித்திரையை நம்ப ஏலாதாம். காலையில் ஆலங்கட்டி, மத்தியானம் வெயில், பின்னேரம் மறுபடி கம்பளிச் சட்டை. இந்த மெஷின் நாளைய வானிலையை இன்றைக்கே பார்த்து நடக்குமாம். கொடியில் காயும் உடுப்பை மழைக்கு முன் ஒருநாளும் எடுத்திராத மனிதர் இதைச் சொன்னார்.

வீட்டுச் சூட்டை அளந்து மெஷினுக்குச் சொல்லும் தெர்மோஸ்டாட், வருகிறவர்கள் கண்ணில் படவேண்டும் என்று ஹோல் சுவரில், சாமித்தட்டுக்கு நேர் மேலே பூட்டுவித்தார். பூட்டியவர்கள் போன மறுநாள், சுகப்பிரசவம் வேண்டி அந்தத் தட்டில் நான் அணையாவிளக்கு ஏற்றினேன்.

அன்றிலிருந்து வீடு விறைத்தது. தெர்மோஸ்டாட்டோ நல்ல சூடு என்று காட்டியது.

"இஞ்சரப்பா, என்ர கால் விறைக்குது."

"அது உம்மட காலில இருக்கிற பிழை. மெஷின் சரியாத்தான் காட்டுது."

ஆனால் அவருக்கும் நடுங்கியது. வேண்டிய சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி முப்பது டிகிரியில் விட்டார். வீடு இதமானது. மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

பேத்தி பிறந்தாள். வீட்டில் துடக்கு, பிள்ளை பிறந்த தீட்டு; விளக்கை அணைத்துச் சாமித்தட்டுக்குத் திரை போட்டேன். மகள் பிள்ளையோடு வந்தபோது வீடு ரொட்டி சுடும் வெதுப்பகமாகியிருந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுப் படக்கூடாது என்று நான் ஜன்னல்களையும் இறுக்கிச் சாத்தினேன். அந்த முப்பதைக் குறைக்க அவர் விடவில்லை. இவ்வளவு நாளும் முப்பதில்தானே இதமாக இருந்தது என்றார்.

மறுநாள் பிள்ளை பெற்றவளுக்குக் காயச்சரக்கு அரைத்துக்கொண்டு வந்த சம்பந்தியம்மா முதலில் கோட்டைக் கழற்றினார், பிறகு கார்டிகனை. பிள்ளையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. அவர் சுவரில் தெர்மோஸ்டாட்டையும் அதன் கீழே திரை போட்ட சாமித்தட்டையும் பார்த்தார்.

"மச்சாள், இதுக்குக் கீழயோ விளக்கு எரிஞ்சது?"

"ஓம்."

"அப்ப மெஷின் விளக்கின்ர சூட்டையெல்லோ வீட்டுச் சூடெண்டு நினைச்சிருக்கு. இப்ப விளக்கில்லை. நீங்கள் கேட்ட முப்பதைத் தருது."

எங்கள் மெஷினுக்கு லண்டன் வானம் முழுக்கத் தெரியும். துடக்கு மட்டும் தெரியாது. கணவர் ஓடிப்போய்ச் சூட்டைக் குறைத்தார். நான் ஜன்னல்களைத் திறந்தேன். மகள் அதற்குள் பிள்ளையைக் கார் சீட்டில் வைத்துவிட்டாள்.

"அம்மா, பேபிக்கு ஏலாது. நாங்கள் மாமி வீட்டை போறம்."

வாசலில் நின்று அழுதேன். மெஷினைப் பிடுங்கி எறியவேண்டும் போல் இருந்தது, அதைப் பூட்டியவரையும் சேர்த்து.

அடுத்த நாள் காலையில் அவர் தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் நின்று கூப்பிட்டார்.

"இஞ்ச வந்து பாரும், இப்ப அளவான சூடு."

உண்மைதான். பச்சைப்பிள்ளைக்கு ஏற்ற சூடு. நாங்கள் இரண்டு கிழடுகளும் அதில் சுகமாக உட்கார்ந்திருந்தோம்.