பின்னறை வால்வு

நேசனின் மைத்துனன் குகன் தொலைபேசியில் அழைத்தபோது ஒரு வீட்டில் முழந்தாளில் நின்று, அறையைச் சூடாக்கும் ரேடியேற்றரின் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தேன். "ரவி அண்ணை, அத்தான் மோசம் போயிட்டார். விடிய அக்கா தேத்தண்ணி கொண்டு போகேக்கை மூச்சில்லை" என்றான். குரலில் நடுக்கம் இல்லை. காற்று முழுதும் போய்த் தண்ணீர் வரும்வரை நின்று, துடைத்துவிட்டுத்தான் புறப்பட்டேன். பாதி வேலையில் எழுந்து போயிருந்தால் நேசன் செத்துக் கிடந்தும் ஏசியிருப்பான்.

நேசனைத் தெரிந்த உங்களுக்கு அவன் வாயையும் தெரியும். செத்தவீட்டில் ஆளாளுக்கு அவனை நல்ல மனம் படைத்தவன் என்றீர்கள். நானும் தலையாட்டினேன். பதினான்கு வருடம் அவனோடு ஒரே வான் வண்டியில் மெல்பேர்ன் முழுக்கத் திரிந்தவன் நான். நல்ல மனத்தை நான் காணவில்லை. நல்ல கை இருந்தது.

வீடுகளுக்கு வெந்நீர்ச் சூடு பூட்டுவது எங்கள் தொழில். பொயிலரில் காயும் தண்ணீர் குழாய் வழியே ஒவ்வோர் அறை ரேடியேற்றருக்கும் போய்த் திரும்பும். விட்டபடி விட்டால் கிட்ட உள்ள அறை அடுப்பாகும், கடைசி அறை குளிர்ந்து கிடக்கும். "தண்ணி சோம்பேறி மச்சான். கிட்டத்து வீட்டிலையே சாப்பிட்டுப்போட்டுத் திரும்பி வந்திடும்" என்பான் நேசன். வீட்டுக்காரர் திருகும் குமிழ் ரேடியேற்றரின் ஒரு பக்கம். மறுபக்கத்தில் மூடி போட்ட சிறு வால்வு ஒன்று உண்டு. அது எங்களுக்கு மட்டும். கிட்டத்து அறைகளில் அதை நெரித்துக் கடைசி அறைக்குச் சூட்டை அனுப்ப வேண்டும். நேசன் வெப்பமானி எடுத்து நான் கண்டதில்லை. போகும் குழாயில் ஒரு கை, திரும்பும் குழாயில் ஒரு கை வைத்து, "இன்னும் கால் சுற்றுப் பூட்டு" என்பான். அவன் கணக்குப் பிழைத்ததே இல்லை.

ஒருமுறை, தமிழ்நாட்டிலிருந்து வந்த செந்தில் என்பவர் ஒரு வீட்டில் எல்லா வால்வுகளையும் முழுதாகத் திறந்துவிட்டுப் போயிருந்தார். வீட்டுக்காரி பார்த்து நிற்க, நேசன் அவரைத் தொலைபேசியில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டான்.

"எல்லாத்தையும் திறந்துவிட்டாச் சமத்துவம் எண்டு நினைச்சனீரோ?"

"சாரி அண்ணே, நாளைக்கே வந்து சரி பண்ணிடறேன்."

"வராதையும். உமக்கு உந்த வேலை வராது."

செந்தில் பிறகு இந்தத் தொழிலில் இல்லை.

நேசனுக்கு ஒரு விதி இருந்தது. வால்வைத் திருப்பியவன் எத்தனை சுற்று என்று ரேடியேற்றருக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் எழுதி, தன் பெயரின் முதலெழுத்தையும் போட வேண்டும். "நாளைக்கு வாறவனுக்கு ஆர் மடையன் எண்டு தெரியவேணும்."

குகன் நேசனின் மனைவி வதனியின் தம்பி. படகில் வந்து, தடுப்பு முகாமில் இருந்து, பிறகு மெல்பேர்னின் வெரிபீ புறநகரில் இவர்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்தவன். வேலை செய்ய அனுமதி வரவில்லை. அதை எத்தனை முறை சொன்னாலும் நேசனுக்கு ஏறாது, சோம்பேறி என்பான். ஒருநாள் குகன் வழக்கறிஞரிடம் போயிருந்த நேரம் நேசன் என்னைப் பின்னறைக்குக் கூட்டிப் போனான். "சூடா இருந்தா நித்திரைதான் கொள்ளுவான். பூட்டிப்போட்டுக் கால் சுற்று மட்டும் விடு. நான் செய்தா என்ர எழுத்தை வதனி பிடிச்சிடுவாள்." நான் செய்தேன். பழக்கதோஷத்தில் சுவரில் எழுதியும் வைத்தேன்: கால், ர.

மூன்று குளிர்காலம் குகன் குமிழை உச்ச எண்ணான ஐந்தில் வைத்துவிட்டு ஜக்கெற்றோடு படுத்தான். வதனி கேட்டபோது, "கடைசி அறை, அப்பிடித்தான் இருக்கும்" என்றான் நேசன். அவன் சொன்னால் யார் மறுப்பார்கள்?

பிறகு நேசனுக்குப் பாரிசவாதம் வந்தது. நாக்கும் வலப்பக்கமும் போயின. குளியலறைக்குக் கிட்ட என்பதால் கட்டிலைப் பின்னறையில் போட்டார்கள். குகன் ஹோலில் படுத்துக்கொண்டு அவனுக்கு ஊட்டினான், கழுவினான்.

நான் இரண்டு முறை போனேன். முதல் முறை ரேடியேற்றரில் கை வைத்தேன். ஆறிய தேநீர் போல இருந்தது. நேசன் என்னைப் பார்த்தான், வால்வைப் பார்த்தான், திரும்ப என்னைப் பார்த்தான். குகன் அவன் வாயைத் துடைத்துக்கொண்டே, "இந்த அறை எப்பவும் இப்பிடித்தான் அண்ணை" என்று இன்னொரு போர்வையை இழுத்துவிட்டான். வால்வைத் திருகும் திறப்பு என் சட்டைப்பையில் இருந்தது. குகன் முன்னால் குனிந்து திறந்தால், தன் அறை மூன்று குளிர்காலமும் ஏன் சூடாகவில்லை என்று அவனுக்கு விளங்கிவிடும். தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டாம் முறை நேசனின் இடக்கை என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தது. விரல்களைக் கழற்றிவிட்டேன். ஒரு கலியாண வீட்டில், "ரவிக்குக் கை மரத்துப்போச்சு. ரேடியேற்றர் சுடுதோ எண்டு பொண்டாட்டியைக் கேட்டுத்தான் சொல்லுவான்" என்று ஒரு மேசையையே சிரிக்க வைத்தவன் அவன். எனக்கு முக்கால் பங்கு வெட்கம். மீதிக் கால் வன்மம்தான்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, பின்னறையில் போர்வை மடித்துக்கொண்டிருந்த குகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் அண்ணை" என்றான். "அத்தானுக்குக் கட்டில் போடேக்கை சுவர் துடைச்சனான். 'கால், ர' எண்டு கிடந்துது."

"அப்ப ஏன்ரா திறக்கேல்லை? குறட்டாலையே திருப்பலாமே."

அவன் போர்வையின் நாலு மூலையும் சரிபார்த்தான். "நீங்கள் ரெண்டு தரம் வந்தனீங்கள். நீங்கள் திறப்பீங்களோ எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

இதை உங்களுக்கெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கோ. என்ர பெயரையும் போடுங்கோ" என்றான். பிறகு நான் குனிந்து வால்வைத் திறந்தேன். பத்து நிமிடத்தில் அந்த வெறும் அறை முழுக்கச் சூடு பரவியது. பழைய எழுத்தை நான் அழிக்கவில்லை. கீழே, 'முழுத்திறப்பு, ர' என்று போட்டேன். நேசனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு பழக்கத்தைத்தான். பூட்டியவன் பெயரை எழுதிவைக்க வேண்டும்.