அக்கா வூட்டுத் தடம்

வாயை மூடிக்கொண்டு கேட்பது எப்படி என்று நாள் முழுக்க வாய் ஓயாமல் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. காடு காக்கும் வேலைக்கு வந்த இளைஞர்கள் என் மாணவர்கள். மலைவாழ் மக்கள் தங்கள் நிலத்துக்குத் தாங்களே திட்டம் போடும்போது நாம் எங்கே நிற்க வேண்டும் என்பது பாடம். ஓரமாக என்பது விடை. மீதிப் பயிற்சியெல்லாம் டீயும் வடையும்தான்.

போன தை மாதம் பூலாம்பாடிக்கு மேலே, பச்சைமலையில் ஒரு சிற்றூரில் கூடினோம். ஊரார் கோலப்பொடியால் தங்கள் மலையைத் தரையில் வரைந்தார்கள். நீலம் தண்ணீர், பச்சை காடு, மஞ்சள் மரவள்ளிக் கொல்லை. ஒரு சரிவில் ஆடு மாடு நுழையாமல் வேலி போட்டு மரம் வளர்ப்பதென்று அவர்களே முடிவெடுத்திருந்தார்கள். வெள்ளைப் பொடியில் வேலியும் வந்துவிட்டது.

அப்போது ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி சிவப்புப் பொடியை அள்ளி, வேலிக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"தண்ணிக்குப் போற தடமாங்கம்மா?" என்றாள் என் மாணவி.

"இல்ல."

"வெறகுக்கா?"

"எங்கக்கா வூட்டுக்கு."

ஒவ்வொரு நிறத்துக்கும் குறிப்பெழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் விழித்தார்கள். அக்காவைப் போக்குவரத்தில் சேர்ப்பதா, பண்பாட்டில் சேர்ப்பதா என்று கிசுகிசுப்பு.

வேலி வரைந்த பெரியவர் சிரித்தார். "அதான் செல் இருக்குல்ல, பேசிக்க. இல்லாட்டி கீழ எறங்கி பஸ்ஸுல சுத்திப் போ."

"செல்லுல பேன் பாக்க முடியுமா மாமா?"

கூட்டம் சிரித்து ஓய்ந்ததும் அந்தப் பெண்மணியின் குரல் இறங்கியது. "அவளுக்கு இப்ப நடக்க முடியல. நான் போனாத்தான் உண்டு."

தடத்துக்கு வழி விடுங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. சொல்லக்கூடாது என்று சற்று முன்புதான் வகுப்பெடுத்திருந்தேன். என் பாடத்தின் மீதே எனக்குக் கோபம் வந்தது.

எனக்கும் ஒரு அக்கா இருந்தாள், வரதராஜன்பேட்டையில். நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் வயிற்றைத்தான் முதலில் பார்ப்பாள். "மலை ஏறுறேன்னியே? எந்த மலைடா, சோத்து மலையா?" என்பாள். பிறகு அந்த மலையை அவளே பரிமாறுவாள்.

பெரியவர் வேலியருகே குனிந்து உட்கார்ந்தார். பிறகு உள்ளங்கையால் வேலியில் ஒரு பக்கம் துடைத்தார். "இங்க ஒரு படல் வச்சிருவோம். போறப்ப வரப்ப சாத்திட்டுப் போ. ஆடு பூந்துச்சு, ஒன்னையத்தான் கேப்பேன்."

"நீ கேக்காம இருந்தாத்தான் அதிசயம்," என்று அந்தப் பெண்மணி அந்த இடைவெளி வழியே சிவப்பை இன்னும் அழுத்தமாக இழுத்தார்.

"சிவப்புக்கு என்ன சார் எழுதுறது?" என்றாள் மாணவி.

"அவங்களயே கேளும்மா," என்றேன்.

இறங்கிப் பெரம்பலூர் வந்தபோது, பஸ் ஸ்டாண்டில், அக்கா வீட்டுக்குப் போக நான் ஏறும் அரியலூர் வழி ஜெயங்கொண்டம் பஸ் நின்றிருந்தது. அக்கா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. கால் மட்டும் பழக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பியது.

"சார், வரீங்களா? சீட்டு இருக்கு," என்றார் கண்டக்டர்.

"இல்லைங்க," என்றேன். பஸ் கிளம்பித் திரும்பி மறையும்வரை அங்கேயே நின்றேன்.