இங்கே காற்று அடைக்கப்படும்

வீடு கட்டும்போது கல்லுக்கும் கம்பிக்கும் ஆள் வைப்பார்கள். சந்துபொந்துக்கு ஆள் வைக்க மட்டும் யாருக்கும் மனசு வராது. நான் அந்தச் சந்துபொந்துக்கான ஆள். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே, ஏ.சி. குழாய் நுழையும் ஓட்டையில், கதவுக்கு அடியில் என்று காற்றும் புகையும் திருட்டுத்தனமாக நுழையும் இடங்களை ஃபோமும் சிலிகானும் வைத்து அடைப்பது என் பிழைப்பு. காஞ்சிபுரத்தில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். வீடு கட்டி நொந்துபோன என் சக பாவிகளே, நீங்களாவது சிரிக்காமல் கேளுங்கள்.

பலகை

கடை போட்ட புதிதில் "இங்கே காற்று அடைக்கப்படும்" என்று பலகை மாட்டினேன். காலையில் கடையைத் திறந்தால் வாசலில் சைக்கிள் வரிசை! நான் டயருக்குக் காற்று அடிக்கிறவள் இல்லை, வீட்டுக்குள் வருகிற காற்றை அடைக்கிறவள் என்று ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். பலகையை மாற்றச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். தமிழ் சரியாகத்தானே இருக்கிறது? ஒருவர் முன் டயரை அமுக்கிக்கொண்டே சொன்னார்: "காத்தை உள்ள ரொப்பறதும் அடைக்கறதுதான், வராம நிறுத்தறதும் அடைக்கறதுதான். ஒரு பம்ப் வாங்கி வச்சிடும்மா, ரெண்டுக்கும் ஆவும்."

சிமென்ட் பை

அந்தச் சைக்கிள் வரிசையில் வந்தவள்தான் தேவகி. பிள்ளையார்பாளையத்தில் அவளும் கணவர் சரவணனும் பட்டு நெய்கிறவர்கள். பழைய வீட்டை இடித்துவிட்டு அங்கேயே புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். பின் சந்தில் சாயப் பட்டறை. அதன் அடுப்புப் புகை வீட்டுக்குள் வந்தால் தேவகிக்கு மூச்சு இழுக்கும். வேறு இடம் பார்க்கச் சொன்னார் டாக்டர். "நான் ஏன் போவணும்? புகை போவட்டும்" என்றாள். எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. அவள் கேட்டது நிம்மதியாக மூச்சு விட்டுத் தூங்க ஒரே ஒரு அறை.

போய்ப் பார்த்தால், மேஸ்திரி கன்னியப்பன் ஜன்னல் சட்டத்தைச் சுற்றியிருந்த சந்தில் காலி சிமென்ட் பையைத் திணித்து மேலே பூசியிருந்தார். உளியால் கொத்தி, பையை உருவி அவர் கையிலேயே கொடுத்தேன். "காலங்காலமா இப்படித்தான் செய்யறோம், எந்த வீடு விழுந்துச்சு?" என்று குதித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தேவகி முந்திக்கொண்டாள்: "ஒரு இழை அறுந்தா மொதலாளி சேலையையே திருப்பி அனுப்பறாரு. சொவத்துல இம்மாம் பெரிய சந்து வுட்டுட்டு நீங்க மட்டும் மேஸ்திரின்னு சொல்லிக்கினு திரியலாமா?"

ஊதுபத்தி

கண்ணுக்குத் தெரியாத ஓட்டையைப் பிடிக்க எனக்கு ஊதுபத்தி போதும். எல்லாவற்றையும் சாத்திவிட்டுச் சுவரோரமாக அதை நகர்த்தினால், காற்று புகும் இடத்தில் புகை ஆடும். தேவகியைத் தெருவுக்கு அனுப்பிவிட்டு ஆரம்பித்தேன். கோயில் ஊரில் ஒரு பெண் ஊதுபத்தியோடு அறையைச் சுற்றினால் சும்மா இருப்பார்களா? சரவணன் செருப்பைக் கழற்றினார். கன்னியப்பன் தலைத் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பிளக் பெட்டி அருகே புகை சட்டென்று சாய்ந்ததும், "இங்கதான் இருக்குது!" என்று கத்திவிட்டேன். சரவணன் கன்னத்தில் போட்டுக்கொண்டு கேட்டார்: "தேங்காயை இங்கயே உடைச்சிடலாமாக்கா?"

வாயு மூலை

எல்லாம் அடைத்து முடித்து மறுநாள் போனால், வடமேற்கு மூலையில் புத்தம்புது ஓட்டை! அது வாயு மூலையாம். வாயு பகவானுக்கு வழி விடாவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று வாஸ்து பார்க்கிறவர் சொல்ல, கன்னியப்பன் நல்ல நேரம் பார்த்து உடைத்திருக்கிறார். எட்டிப் பார்த்தேன். நேர் எதிரே சாயப் பட்டறை அடுப்பு. வந்த ஆத்திரத்துக்கு வாஸ்துக்காரரை அந்த ஓட்டை வழியாகவே வெளியே அனுப்பியிருப்பேன். அவள் மூச்சைவிட உங்கள் மூலை பெரிதா என்று முகத்துக்கு நேரே கேட்டேன்.

ஆனால் அடைத்த அறைக்கும் மூச்சு வேண்டும். தெருப் பக்கம் வடிகட்டி வைத்த சின்ன ஃபேன் ஒன்று சுத்தமான காற்றை உள்ளே தள்ளும்படி முன்பே வைத்திருந்தேன். அது வெளியேற எப்படியும் ஒரு வழி தேவை. அதனால் அந்த ஓட்டையில் வெளிப்பக்கம் மட்டும் திறக்கிற மூடியைப் பொருத்தினேன். பகவான் இந்த வழியாகப் போகலாம், வர முடியாது என்று அறிவித்தேன். வாஸ்துக்காரர் மூடியை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வழி இருக்கணும்னுதான் சாஸ்திரம். வர்ற வழியா போற வழியான்னு அதுல போடலம்மா."

நாத்தனார்

கிரகப்பிரவேசத்துக்கு வந்த சரவணனின் அக்கா, என் சொந்த ஊர் தென்னேரி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பந்தியில் எல்லோர் காதிலும் விழும்படி என்னைப் பிடித்துக்கொண்டார். "தென்னேரியில ஏரிக்காத்து வாங்கி வளர்ந்தவ நீ. காத்து வராத ரூம்ல மனுஷி தூங்குவாளா?" ஏரிக்காற்று வந்தால் கதவை நானே திறந்துவிடுகிறேன், வருவது அடுப்புப் புகை என்றேன். வாய்தான் அப்படிப் பேசியது. உள்ளுக்குள் பயம்தான். இந்த அறை தோற்றால் ஊரில் எனக்கு வேலை கிடையாது. அதைவிட, தேவகிக்கு வேறு அறை கிடையாது.

விடிந்ததும் போனேன். பட்டறையில் அடுப்பு மூட்டியிருந்தார்கள், கூடமெல்லாம் புகை. அங்கே படுத்திருந்த நாத்தனார் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். தேவகியின் அறைக் கதவு மூடியே இருந்தது. அவள் ராத்திரியில் ஒரு தடவைகூட மூச்சிழுத்து எழுந்து உட்காரவில்லை என்று சரவணன் நம்பமுடியாமல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. கன்னத்தில் தலையணை மடிப்போடு தேவகி நின்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாத்தனாரைப் பார்த்ததும் ஒதுங்கி வழி விட்டு அவள் சொன்னாள்: "சீக்கிரம் உள்ள வாங்க அண்ணி, கதவைச் சாத்தணும்."

காற்று ஊருக்கே பொதுதான். ஆனால் எந்தக் காற்றை வீட்டுக்குள் விடுவது என்பதை, நாத்தனார் விஷயம் போலவே, வீட்டுக்காரிதான் முடிவு செய்யவேண்டும்.