மல்லாந்து தூங்கிய மார்கழி

மார்கழி பிறந்துவிட்டால் என் கணவருக்குப் படுக்கை கிடையாது. படுத்தால் நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்பார். கட்டில் தலைமாட்டில் தலையணைகளை அடுக்கி, அதில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணயர்வார். சிறுமலையிலிருந்து இறங்குகிற பனி திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்கு வந்து சேர்வதற்கு முன்பே அவர் நெஞ்சுக்கு வந்துவிடும். மூச்சை இழுக்கும்போது ஒரு சத்தம், விடும்போது இன்னொன்று. அதைக் கேட்டால் எனக்குத் தூக்கம் வராது. கேட்காவிட்டால் அதைவிடப் பயம். எழுந்து அவர் முகத்தருகே குனிந்து பார்ப்பேன்.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில், பஞ்சுப் பொதியைப் பிரித்து உதறுகிற இடத்தில் வேலை பார்த்தவர் அவர். கல்யாணமான புதிதில் மில் பஸ்ஸைவிட்டு இறங்கி வரும்போது புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். "மச்சானுக்கு இப்பவே நரைச்சுப்போச்சு" என்று என் தம்பி கேலி செய்வான். நாங்களும் சிரிப்போம். பஞ்சு வெளியே மட்டும் ஒட்டவில்லை என்பது எங்களுக்குத் தெரிய வெகுகாலம் பிடித்தது. தெரிந்தபோது, கெட்டது கெட்டதுதான், இதற்குமேல் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடம்பு முடியாமல் வேலையை விட்டார். அதற்குப் பிறகு வீட்டில்தான்.

நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டீச்சர் என்பார். வகுப்பில் நான் நிமிர்ந்து பார்த்தாலே பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள். வீட்டில் மருந்தைக் கொடுப்பதும் முதுகைத் தடவுவதும் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது.

அந்த வருடம் குளிர் கூடுதலாக இருந்தது. "கொஞ்ச நாள் பனியில்லாத ஊருல போயி இருந்து பாருங்களேன், கடக்கரைப் பக்கம் மாதிரி" என்று டாக்டர் போகிற போக்கில் சொன்னார். பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் அந்த ஒரு வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ராமநாதபுரத்துக்கு அந்தப் பக்கம் கடலோரமாக ஒரு ரிசார்ட்டைப் பார்த்து, அரையாண்டு விடுமுறைக்கு அறையைப் பதிவு செய்துவிட்டுத்தான் எங்களிடமே சொன்னாள்.

"கல்யாணமானதுல இருந்து ரெண்டு பேரும் எங்கயும் போனதில்ல. போயி ரிலாக்ஸா இருந்துட்டு வாங்கப்பா."

"பழனிக்குப் போயிருக்கோமே" என்றார் அவர்.

"அது ரிலாக்ஸா?"

"நடந்து போனா இல்லதான்."

வாடகைக் காரில் கிளம்பினோம். துணிப்பையைவிட மருந்துப்பை பெரிதாக இருந்தது. ஆவி பிடிக்கிற மிஷின், கம்பளி, குரங்குக் குல்லா எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். மானாமதுரை தாண்டியதும் அவர் குல்லாவைக் கழற்றினார். பரமக்குடியில் ஸ்வெட்டரைக் கழற்றினார். கடல் தெரிவதற்கு முன்பே காற்று மாறிவிட்டது. கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தை வெளியே நீட்டிக்கொண்டு வந்தார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, பிறகு குல்லாவை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

ரிசார்ட்டில் இளநீரை வெட்டிக் கொடுத்து வரவேற்றார்கள். தென்னை மரங்களுக்கு நடுவே தனித்தனிக் கூரை வீடுகள். மற்ற வீடுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் புதிதாகக் கல்யாணமானவர்கள். எங்களைப் பார்த்தால் மருமகனையோ மகனையோ தேடி வந்தவர்கள் மாதிரி இருந்திருக்கும்.

சும்மா இருப்பது எப்படியென்று எனக்குத் தெரியவில்லை. முதல் நாள் காலையில் வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்துவிட்டது. அரிசி களைய வேண்டியதில்லை, பால் காய்ச்ச வேண்டியதில்லை. போர்வையை மடித்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அறையைச் சுத்தம் செய்கிற பெண் வந்து, நான் மடித்ததைப் பிரித்து, தன் கணக்குக்கு மறுபடி மடித்து வைத்துவிட்டுப் போனாள். கடலைப் பார்த்தபடி சாய்வு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். செத்த நேரத்தில் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அவர் மட்டும் தோட்டக்காரரோடு பேசிக்கொண்டு, விழுந்து கிடந்த மட்டைகளை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்காமல் அவர் குனிந்து நிமிர்ந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

மத்தியானம்தான் கவனித்தேன். மீன் குழம்பை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தார். நான் குளியலறையில் துணியை அலசிப் போட்டுவிட்டு வந்தேன். அறை அமைதியாக இருந்தது. கட்டிலருகே ஓடிப் போய்க் குனிந்து பார்த்தேன். அவர் மல்லாந்து படுத்திருந்தார். தலையணைகூடத் தலைக்கு வெளியே நழுவியிருந்தது. வயிறு ஏறி இறங்கியது. சத்தமே இல்லை. மார்கழி மாதத்தில் அவர் இப்படிப் படுத்துப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஒரு தவிப்பு. அவருக்கு வேண்டிய மூச்சு இந்த ஊரில் இருக்கிறது, எங்கள் வீடும் என் வேலையும் அந்த ஊரில் இருக்கின்றன. இதைப் பார்க்காமலே இருந்திருந்தால் பரவாயில்லை என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு கடலில் கால் நனைக்கப் போனோம். அலை பெரிதாக இல்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால்வரை நின்றார். பிறகு இடுப்புவரை போனார். கன்னிவாடிக்காரர். சின்ன வயதில் கமலைக் கிணறுகளில் குதித்து நீந்தி வளர்ந்தவர். குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தாலே இழுக்கும் என்பதால் பல வருடங்களாக வெந்நீர் தவிர வேறு தண்ணீர் அவர் உடம்பில் பட்டதில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்னால் சாய்ந்து கையை வீசி நீந்தத் தொடங்கிவிட்டார்.

"என்னங்க, போதும். வாங்க."

காதில் விழவில்லை. விழுந்தும் வரவில்லையோ என்னவோ. தலை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் அலைக்குள் மறைந்து மறைந்து தெரிந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. அங்கேயே மூச்சு முட்டினால் யார் என்ன செய்ய முடியும்? மருந்து அறையில் இருக்கிறது. ஓடிப் போய் எடுத்து வந்தாலும் அதை யாரிடம் கொடுப்பது? சேலை நனைய நனையத் தண்ணீருக்குள் நடந்தேன். தொடைவரை வந்ததும் காலடியில் மணல் நழுவியது. நின்றுவிட்டேன். முன்னால் போகவும் முடியவில்லை, பின்னால் வரவும் மனசில்லை. காவலுக்கு நின்றவர் விசிலடித்துக் கையை ஆட்டினார்.

அவர் திரும்பி வந்தார். மல்லாந்து மிதந்து, கால்களை மெல்ல அடித்துக்கொண்டு, சாவகாசமாக வந்தார். கண்கள் சிவந்திருந்தன. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

"மூச்சு முட்டவே இல்ல டீச்சர்."

நான் அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். கரையில் இருந்த ஓர் இளம் ஜோடி பார்த்துச் சிரித்தது. அவர் என் சேலைத் தலைப்பைப் பிழிந்துவிட்டார். அறைக்கு நடக்கும்போது, "இங்கயே இருந்துறலாமா?" என்றார். விளையாட்டாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. என்னால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எனக்கு இன்னும் சில வருடம் சர்வீஸ் இருந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் மாறுதல் கேட்கலாம். கலந்தாய்வில் இந்தப் பக்கம் காலியிடம் இருக்கும் என்று மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அறை சுத்தம் செய்கிற பெண்ணிடம் பக்கத்தில் வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று கேட்டேன். தன் சின்னம்மா வீட்டில் முன்பகுதி காலியாகத்தான் கிடக்கிறது என்றாள். மறுநாள் காலையில், நடந்துவிட்டு வருகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு அவளோடு போனேன்.

ரிசார்ட் சுவரைத் தாண்டினால் ஊர். வலை காய்ந்துகொண்டிருந்தது. ஓட்டு வீடு, முன்னால் ஒரு வேப்பமரம். அந்தச் சின்னம்மாவுக்கு என் வயது இருக்கும். வாசலில் சாக்கை விரித்துக் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்கக்கா, வந்து வீட்டைப் பாருங்க" என்று கூட்டிப்போனார். நல்ல வீடு. ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று நேராக வந்தது. கட்டிலை எங்கே போடுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அப்போது பின்கட்டிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. எந்தக் கூட்டத்திலும் எனக்குத் தெரிந்துவிடுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். ஒருவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோள்களைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். என் கணவர் உட்கார்வது அப்படியே அதே மாதிரிதான்.

"எங்க வீட்டுக்காரரு அக்கா. இழுப்பு" என்றார் அந்தம்மா. "இந்த ஊருலயே பொறந்து வளந்தவரு. கடலுக்குப் போறத விட்டு ரொம்ப நாளாச்சு. மழைக்காலம் வந்துட்டா தை முடியிறவரைக்கும் இப்படித்தான்."

"டாக்டர் என்ன சொல்றாங்க?"

"இந்த உப்பு ஈரக்காத்து ஆகாதாம். காஞ்ச ஊராப் பாத்து உள்நாட்டுப் பக்கம் போயி இருங்கங்குறாரு. எங்க போறது? நீங்க எந்த ஊரு அக்கா?"

"திண்டுக்கல்."

"அங்க காத்து எப்படி?"

அவர் உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தார். "வெயில் காலத்துல பரவால்ல" என்றேன். வீட்டைப் பற்றி நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்தம்மா டீ போட்டுக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

என் கணவரிடம் மறைத்து வைக்க முடியாது என்று பட்டது. வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். வீடு பார்க்கப் போனது தெரிந்தால் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"என்ன மருந்து ஊதுறாரு?"

"கேக்கலையே."

"கேட்டிருக்கலாம்ல. சாயங்காலம் போயிட்டு வருவமா?"

போனோம். அதற்குள் அந்த மனிதருக்குக் கொஞ்சம் தணிந்திருந்தது. என் கணவர் கட்டிலில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ஏதோ பழைய சிநேகிதர்கள் மாதிரி இருவரும் பேச ஆரம்பித்தார்கள். உங்களுக்கு எந்தப் பக்கம் சாஞ்சா தேவலையா இருக்கு, படியேறும்போதா, குளிக்கும்போதா, சாப்பிட்ட உடனேயா என்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டார்கள். மருந்தை ஊதிவிட்டு உடனே மூச்சை விட்டுவிடக் கூடாது, உள்ளேயே கொஞ்சம் பிடித்து வைக்க வேண்டும் என்று என் கணவர் செய்து காட்டினார். "அம்புட்டு நேரம் எனக்கு நிக்காதுங்க" என்றார் அந்த மனிதர். "எனக்கும் வீட்டுல நிக்காது. இங்க வந்துதான் நிக்குது" என்றார் என் கணவர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார். அந்த மனிதர் அவர் முழங்காலில் கையை வைத்து, "நீங்களாச்சும் நல்லா இழுத்துக்கங்க" என்றார்.

நானும் அந்தம்மாவும் கதவோரம் நின்றிருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கிளம்பும்போது அந்தம்மா ஒரு பொட்டலம் கருவாடு கொடுத்தார்.

மீதி நாட்கள் நன்றாகவே போயின. அவர் தினமும் மத்தியானம் மல்லாந்து தூங்கினார். நான் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கடைசி நாள் மகள் போனில் கூப்பிட்டு, ஒரு வாரத்தில் அப்பா குரலே மாறிவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். இன்னும் இரண்டு நாள் கூட்டிப் போடட்டுமா என்றாள். பள்ளி திறக்கிறது, வேண்டாம் என்றேன்.

திரும்பி வரும்போது மதுரை தாண்டியதும் அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார். கொடைரோடு வந்ததும் ஸ்வெட்டரைக் கேட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவர் படுத்துத்தான் தூங்கினார். என் மனசில் ஆசை எட்டிப் பார்த்தது. அதற்கடுத்த நாள் தலையணைகளை அவரே எடுத்து அடுக்கிக்கொண்டார்.

டாக்டரிடம் போனோம். கடற்கரை எப்படி இருந்தது என்று அவர் கேட்க, என் கணவர் மீன் குழம்பிலிருந்து நீச்சல்வரை எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை நிறுத்தி இருமினார். டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டி எழுதினார். நான் அந்தக் கடலோர மனிதரைப் பற்றிச் சொல்லி, "அப்ப எந்த ஊருதான் சார் நல்லது?" என்று கேட்டேன். டாக்டர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "குளிர்ல வெளியில விடாமப் பாத்துக்கங்க" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் தள்ளுவண்டியில் ஆயக்குடிக் கொய்யா குவித்து வைத்திருந்தார்கள். அவருக்குக் கொய்யா என்றால் உயிர். குளிரில் அது சளி கட்டும் என்று வருடா வருடம் நான் வாங்கித் தர மறுப்பேன். அன்றைக்கு அவர் கேட்கக்கூட இல்லை, பார்த்தார், அவ்வளவுதான். நானே போய் நன்றாகக் கனிந்ததாக ஒன்றைப் பொறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி வாங்கி வந்தேன்.

"ஏன் டீச்சர், இன்னைக்கு என்ன?" என்றார்.

"சும்மா சாப்பிடுங்க."

பஸ்ஸில் ஜன்னலை அடைத்துவிட்டு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். பாதியில் இருமல் வந்தது. முதுகைத் தடவிக்கொடுத்தேன். அடங்கியதும் மீதியைச் சாப்பிட்டார். பஸ் கிளம்பியது.